குழிந்த மார்பும் நிமிர்ந்த நெஞ்சும்

தமிழில் மார்புக்கு அகலம் என்றொரு பெயர் உண்டு. அகன்றிருப்பதே மார்பின் இயல்பு எனக் கண்ட பழந்தமிழர், அந்தப் பண்பையே உறுப்பின் பெயராக்கிக் கொண்டனர். சங்கப் புலவர்கள் தலைவனின் மார்பை மலைக்கு ஒப்பிட்டனர், அதில் சந்தனம் பூசினர், மாலை சூட்டினர். போர்க்களத்தில் வேலை மார்பில் ஏற்றவன் போற்றப்பட்டான். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். இன்றும் ஒருவனுக்குத் துணிவூட்ட வேண்டுமானால் நெஞ்சை நிமிர்த்தி நட என்றே பெரியவர்கள் கூறுகின்றனர்.

ஒரு மனிதனின் வீரமும் அழகும் மானமும் இவ்வாறு மார்பின்மீது ஏற்றி வைக்கப்பட்டிருக்க, அந்த மார்பே உட்குழிந்து பிறந்தவனின் நிலை என்ன? ஆற்றங்கரையில் நண்பர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நீரில் குதிக்கும்போது, கரையிலேயே நின்றுவிடுபவன் அவன். தோளை முன்னே குறுக்கி, முதுகைக் கூனி, தளர்ந்த சட்டைக்குள் தன் குறையை மறைத்துக்கொள்பவன் அவன். அவனைப் பற்றி வீரப் பாடல்கள் பேசவில்லை. ஆனால் மருத்துவ ஏடுகள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசி வந்திருக்கின்றன. அந்தப் பேச்சின் வரலாறு ஓர் எலும்பைத் தூக்கி நிறுத்திய வரலாறு மட்டுமன்று. குறையைச் சுமப்பவனின் சொல்லுக்கு மருத்துவம் எப்போது செவிசாய்த்தது, எப்போது சாய்க்கத் தவறியது என்பதன் வரலாறும் அதுவே.

குறையின் இயல்பு

மார்பின் நடுவே நிற்கும் எலும்பு மார்பெலும்பு. அதன் இரு பக்கமும் விலா எலும்புகள் நேரடியாக வந்து பொருந்துவதில்லை. இடையே குருத்தெலும்பு இருக்கிறது. காது மடலைப் போல வளையக்கூடிய இக்குருத்தெலும்பே, மூச்சிழுக்கும்போது கூடு விரிவதற்கும் விடும்போது சுருங்குவதற்கும் இடந்தருகிறது. சிலருக்கு இக்குருத்தெலும்புகள் உள்நோக்கி வளைந்து, மார்பெலும்பின் கீழ்ப்பகுதியை முதுகெலும்பை நோக்கித் தள்ளிவிடுகின்றன. மார்பின் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளம் ஆழமானால் அதன் பின்னே இருக்கும் இதயம் நெருக்குண்டு இடப்பக்கம் ஒதுங்குகிறது.

இது அரிய குறையன்று. ஏறக்குறைய 300 முதல் 400 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை காணப்படுகிறது என்பது மருத்துவ நூல்களில் பெரிதும் வழங்கும் கணக்கு. பெண்களைக் காட்டிலும் ஆண்களுக்கு இது மூன்று நான்கு மடங்கு மிகுதி. பலருக்குப் பிறந்தபோதோ குழந்தைப் பருவத்திலோ சிறு பள்ளமாகத் தொடங்கி, உடல் விரைந்து வளரும் பதின்ம வயதில் ஆழ்ந்துவிடுகிறது. தன் உடலைப் பற்றி ஒருவன் மிகவும் கூச்சப்படும் பருவம் எதுவோ, அந்தப் பருவத்திலேயே இக்குறையும் வெளிப்பட்டுத் தோன்றுவது இயற்கையின் கொடுமைகளுள் ஒன்று.

மருத்துவர்கள் இதனைப் பெக்டஸ் எக்ஸ்கவேட்டம் என அழைக்கின்றனர். குடைந்தெடுத்த மார்பு என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். செருமானியர் இதனைப் புனல் மார்பு என்றனர். குடுவையில் எண்ணெய் ஊற்றப் பயன்படும் புனலின் வடிவம் அதற்குக் காரணம். அவர்களிடையே செருப்புத் தைப்பவன் மார்பு என்ற மற்றொரு பெயரும் வழங்கியது. காலணி அச்சை மார்பில் அழுத்திக்கொண்டு வேலை செய்வதால் இப்பள்ளம் விழுகிறது என்ற நம்பிக்கை அப்பெயரில் தங்கியிருக்கிறது. பிறவியிலேயே வந்த ஒன்றுக்குத் தொழிலைக் காரணமாக்கிய அந்நம்பிக்கை பிழையானதே. எனினும், காணாத காரணத்துக்குக் கண்முன் இருப்பவனின் உழைப்பைக் குற்றவாளியாக்கும் மனித வழக்கத்துக்கு அது நல்ல சான்று.

ஏட்டில் ஏறிய சிறுவன்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் யோகான் சென்க் என்னும் செருமானிய மருத்துவர், தம் காலத்து மருத்துவர்கள் கண்ட அரிய நோய்களையெல்லாம் திரட்டி ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார். அத்தொகுப்பில் பாவினஸ் என்பவர் 1594ஆம் ஆண்டளவில் தந்த குறிப்பொன்று உள்ளது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் மார்பு ஆழமாகக் குழிந்திருந்தது. அவனுக்கு மூச்சுத் திணறலும் விட்டுவிட்டு வந்த கடும் இருமலும் இருந்தன. குழிந்த மார்பைப் பற்றிக் கிடைக்கும் முதல் மருத்துவப் பதிவாக இது கருதப்படுகிறது.

இப்பதிவில் ஒரு நுட்பம் உண்டு. பாவினஸ் பள்ளத்தை மட்டும் குறிக்கவில்லை. மூச்சுத் திணறலையும் சேர்த்தே குறித்தார். உருவக் குறையும் உடல் துன்பமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டு, இது வெறும் தோற்றக் குறையா அல்லது நோயா என்ற வழக்கு எழுந்தது. அவ்வழக்கு இன்றளவும் முற்றாகத் தீரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவுகள் பெருகின. ஆங்கில மருத்துவர் கூல்சன், ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தார் மூவருக்கு இக்குறை இருந்ததை எடுத்துக் காட்டினார். 1872இல் வில்லியம்ஸ் என்பவர் 17 வயது இளைஞன் ஒருவனை விவரித்தபோது, அவன் தந்தைக்கும் சகோதரனுக்கும் அதே பள்ளம் இருந்ததைக் குறித்தார். குறை குருதி வழியே வருவது என்ற உண்மை அப்போதே தலைகாட்டிவிட்டது. இக்குறை உள்ளோரில் பத்தில் நால்வரின் குடும்பத்தில் மற்றொருவருக்கும் அது இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன.

செருமனியில் லுஷ்கா என்ற உடற்கூற்று அறிஞர் 1863இல், 24 வயது ஆடவனின் மார்பில் 6 சென்டிமீட்டர் ஆழமான பள்ளத்தை அளந்து எழுதினார். 1870இல் எக்கல் என்பவர் இக்குறையைப் பற்றி முதல் விரிவான கட்டுரையை வெளியிட்டார். 1882இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் எப்ஸ்டைன் ஐந்து நோயாளிகளை ஆராய்ந்து, புனல் மார்பு என்ற பெயரை நிலைநிறுத்தினார். இதயக் குறை ஒன்றுக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற அதே எப்ஸ்டைன்தான் இவர்.

காரணம் என்ன என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ஊட்டக் குறைவு என்றனர் சிலர். தாயின் கருப்பையில் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தியதால் வந்தது என்றனர் வேறு சிலர். வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானம் மார்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கிறது என்ற கருத்தை 1939இல் அமெரிக்கரான லிங்கன் பிரவுன் வலியுறுத்தினார். குருத்தெலும்பும் அதைப் பிணைக்கும் இழைகளும் இயல்பு மாறி வளர்வதே அடிப்படை எனப் பிற்காலத்தார் பெரிதும் கருதினர். மார்பான் நோய்க்குறி எனப்படும் இணைப்புத் திசுக் குறையோடு இது அடிக்கடி சேர்ந்து வருவது அக்கருத்துக்கு வலுவூட்டியது. ஆதலால் மிக நெடிய உடலும் நீண்ட விரல்களும் கொண்ட ஒருவருக்கு மார்பும் குழிந்திருந்தால், அவர் இதயத்தையும் பெருங்குருதிக் குழாயையும் சோதித்துப் பார்ப்பது மருத்துவ மரபாயிற்று.

திறக்கப்பட்ட மார்பு

அக்காலத்து மருத்துவர்கள் இந்நோயாளிகளுக்குக் கூறிய மருந்து தூய காற்றும் மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியுமே. மார்பை இரு பக்கங்களிலிருந்தும் அழுத்திப் பார்க்கும் முறையும் இருந்தது. கத்தியைக் கையில் எடுக்க எவரும் துணியவில்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது. மார்புக் கூட்டைத் திறந்தவுடன் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, நுரையீரல் காற்றிழந்த பந்துபோல் சுருங்கிவிடும். நோயாளி மேசையிலேயே மூச்சடைத்து இறந்துபோவான்.

இத்தடையை உடைக்க முயன்றவர் பெர்டினாண்ட் சாவர்புரூக். பிரெஸ்லாவ் நகரில் பேராசிரியர் மிக்குலிட்சின்கீழ் பணியாற்றிய இவ்விளம் மருத்துவர், காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறையை அமைத்து 1904இல் உலகுக்கு அறிவித்தார். நோயாளியின் உடல் அறைக்குள் இருக்கும். தலை மட்டும் வெளியே இருக்கும். உள்ளே அழுத்தம் குறைவாதலால் மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருங்காது. மருத்துவரும் துணையாளரும் அவ்வறைக்குள்ளேயே நின்று வேலை செய்தனர். மார்பு அறுவை மருத்துவத்தின் கதவு அங்கே திறந்தது.

1911இல் பெர்லினில் லுட்விக் மேயர் என்பவர் புனல் மார்புக்கு முதல் அறுவையைச் செய்தார். வலப்புறம் இரண்டாவது, மூன்றாவது குருத்தெலும்புகளை அவர் அகற்றினார். பயன் விளையவில்லை. இரண்டாண்டு கழித்து 1913இல் சாவர்புரூக்கிடம் 18 வயது இளைஞன் ஒருவன் வந்தான். தந்தையின் கடிகாரத் தொழிற்சாலையில் அவனால் வேலை செய்ய இயலவில்லை. ஓய்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலும் நெஞ்சுப் படபடப்பும் அவனை வாட்டின. சாவர்புரூக் இடப்புறம் ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை உள்ள குருத்தெலும்புகளையும், அவற்றை அடுத்த மார்பெலும்பின் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார். அவ்விடத்தில் எலும்பின் காப்பு இல்லாமற்போயிற்று. தசைக்கு அடியில் இதயம் துடிப்பதைக் கண்ணால் காண முடிந்தது. ஆனால் அவ்விளைஞன் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் களைப்பின்றி உழைக்கும் ஆற்றல் பெற்றான். மூன்றாண்டுக்குள் திருமணமும் செய்துகொண்டான்.

வரலாற்றில் இந்த இளைஞன் பெறும் இடம் சிறிதன்று. அழகு வேண்டி அவன் வரவில்லை. உழைக்க இயலவில்லை என்று முறையிட்டு வந்தான். அவன் முறையீட்டை ஒரு மருத்துவர் நம்பினார். அறுவைக்குப் பின் அவன் மார்பு முன்பிருந்ததை விட அழகாகிவிட்டது என்று கூற இடமில்லை. அவன் வாழ்வு அழகாயிற்று.

1920களில் சாவர்புரூக் தம் முறையைத் திருத்திக்கொண்டார். இருபுறக் குருத்தெலும்புகளையும் நீக்கி, மார்பெலும்பைக் குறுக்கே அறுத்து, அது மீண்டும் உள்ளே விழாதபடி வெளியிலிருந்து ஆறு வாரம் இழுத்துக் கட்டி வைத்தார். இம்முறை ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் பரவியது.

பால்டிமோர் தந்த வழியும் எச்சரிக்கையும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மார்க் ரேவிட்ச், 1949இல் எட்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உருத்திரிந்த குருத்தெலும்புகள் அனைத்தையும் அவற்றின் உறையோடு அகற்றுவது, மார்பெலும்பை அதன் பிணைப்புகளிலிருந்து விடுவிப்பது, அதைக் குறுக்கே வெட்டி முன்னோக்கி நிமிர்த்துவது என்பன அவர் முறையின் கூறுகள். நிமிர்த்திய எலும்பை முதல் இருவருக்குக் கம்பியாலும் பின் அறுவருக்குப் பட்டு நூலாலும் நிறுத்தினார். வெளியிலிருந்து இழுத்துக் கட்டும் தேவை இதனால் நீங்கியது. 1958இல் வெல்ச் என்பவர் குருத்தெலும்பின் உறையை விட்டுவைத்து அறுப்பதே நன்று எனக் காட்டினார். உறை எஞ்சியிருந்தால் அதனுள் புதிய குருத்தெலும்பு வளர இடமுண்டு. 1956இல் வால்கிரனும் சுலாமாவும் எஃகுப் பட்டையைக் கொண்டு மார்பெலும்பைத் தாங்கினர். இவ்வாறு பல கைகள் பட்டுத் தேறிய இம்முறை ரேவிட்ச் முறை என்ற பெயரால் நாற்பது ஆண்டு காலம் கோலோச்சியது.

அந்த வெற்றியே ஒரு பிழைக்கும் வழிகோலியது. குழந்தையின் எலும்பு மென்மையானது, அறுப்பது எளிது, பள்ளியில் கேலிக்கு ஆளாகுமுன் குறையைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் வலுத்தது. பள்ளி செல்லாப் பருவத்துப் பிள்ளைகளும் அறுவை மேசையில் கிடத்தப்பட்டனர். பெற்றோர் அன்பினால் இசைந்தனர். மருத்துவர் நம்பிக்கையினால் முனைந்தனர். தன் மார்பு தனக்குத் துன்பம் தருகிறதா இல்லையா என்று சொல்லும் வயது மட்டும் அப்பிள்ளைகளுக்கு வரவில்லை.

குருத்தெலும்பு என்பது வளரும் இடமும் ஆகும். வளரும் இடத்தை வெட்டி எறிந்த பின் கூடு எவ்வாறு வளரும்? 1990இல் இளம் முயல்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று, குருத்தெலும்பை நீக்கியபின் அவற்றின் மார்புக் கூடு வளர்ச்சி குன்றியதை மெய்ப்பித்தது. 1996இல் அலெக்ஸ் ஹாலர் என்ற குழந்தை அறுவை மருத்துவர், மிகச் சிறு வயதில் மிகப் பெரிய அறுவைக்கு ஆளான 12 பிள்ளைகளின் நிலையை வெளியிட்டார். வயது ஏறியும் அவர்களின் மார்புக் கூடு ஏறவில்லை. இறுகிப்போன சிறு கூட்டுக்குள் நுரையீரல் விரிய வழியின்றி அவர்கள் மூச்சுக்குத் தவித்தனர். குழிந்த மார்பைக் காட்டிலும் கொடிய துன்பத்தைச் சிகிச்சையே தந்துவிட்டது.

ஹாலரும் அதே ஜான்ஸ் ஹாப்கின்சைச் சேர்ந்தவர் என்பது எண்ணத்தக்கது. வழி வகுத்த இடத்திலிருந்தே எச்சரிக்கையும் எழுந்தது. தன் பிழையைத் தானே எடுத்துரைக்கும் நேர்மை இல்லையேல் எந்தக் கலையும் வளராது.

இதே ஹாலர்தான் 1987இல் குறையை அளக்க ஓர் எளிய கணக்கையும் தந்திருந்தார். கணினி ஊடுகதிர்ப் படத்தில் மார்பின் குறுக்கு அகலத்தை அளந்து, பள்ளத்தின் அடியிலிருந்து முதுகெலும்பு வரையுள்ள தொலைவால் வகுக்க வேண்டும். இயல்பான மார்பில் விடை ஏறக்குறைய 2.5 ஆக இருக்கும். 3.25க்கு மேற்பட்டால் அறுவையைப் பற்றி எண்ணலாம் என்பது வழக்காயிற்று. ஹாலர் எண் எனப்படும் இது, கண்ணளவில் கூறிவந்ததைக் கணக்களவில் கூற வகை செய்தது. ஆயினும் ஓர் எண் பள்ளத்தின் ஆழத்தைக் கூறுமேயன்றி, அப்பள்ளத்தைச் சுமப்பவனின் துன்பத்தை அளந்து கூறாது.

வெட்டாமல் வளைத்தல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர் டொனால்ட் நஸ். தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் பயின்றவர். 1987இல் அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குழந்தையின் குருத்தெலும்பு வளையக்கூடியது என்று எல்லாரும் அறிவர். வளையக்கூடிய ஒன்றை ஏன் வெட்ட வேண்டும்?

அவர் தம் கருத்துக்கு அன்றாட அனுபவத்திலிருந்தே சான்று காட்டினார். நெடுநாள் நுரையீரல் நோயால் வருந்தும் முதியோரின் மார்புக் கூடு பீப்பாய்போல் உருமாறுகிறது. முதியவரின் எலும்பே மாறுமாயின் சிறுவனின் எலும்பு மாறாதா? மூச்சு நின்ற குழந்தையின் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும்போது அது வளைந்து கொடுப்பதை எந்த மருத்துவரும் காணலாம். கோணிய பல்லைக் கம்பி கட்டி நேராக்குகின்றனர்; திருகிய பாதத்தைக் கட்டுப் போட்டு நிமிர்த்துகின்றனர். மார்பு மட்டும் ஏன் விதிவிலக்காக வேண்டும்?

அவர் கண்ட முறை இதுதான்: மார்பின் இரு பக்கமும் சிறு வெட்டுகள் இடப்படும். நோயாளியின் மார்புக்கு ஏற்ப வில்லாக வளைக்கப்பட்ட எஃகுப் பட்டை, மார்பெலும்புக்கு அடியில் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செலுத்தப்படும். செலுத்தும்போது வில்லின் குழிவு மேல்நோக்கி இருக்கும். பின் பட்டையை அப்படியே புரட்டிவிட்டால், வில்லின் முதுகு மார்பெலும்பை உந்தித் தூக்கும். பள்ளம் அந்த நொடியிலேயே மறையும். சில ஆண்டுகள் அப்பட்டை உள்ளேயே இருக்கும். கூடு புதிய வடிவில் நிலைத்தபின் அது அகற்றப்படும். எலும்பும் குருத்தெலும்பும் வெட்டப்படுவதில்லை.

பத்தாண்டு காலம் பொறுத்திருந்து தம் பயனைக் கணக்கிட்ட பின்னரே நஸ் அதனை அறிவித்தார். 1997இல் குழந்தை அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் படித்து, 1998இல் அச்சிட்ட கட்டுரையில் 42 நோயாளிகள் இடம்பெற்றனர். பட்டை அகற்றப்பட்டிருந்த 30 பேரில் 22 பேருக்கு மிகச் சிறந்த பயனும், 4 பேருக்கு நல்ல பயனும், 2 பேருக்கு ஓரளவு பயனும், 2 பேருக்குக் குறைந்த பயனும் கிடைத்தன. பட்டை வலுவிழந்து வளைந்ததும், மார்பான் நோயாளி ஒருவருக்கு எலும்பே மிக மென்மையாக இருந்ததும் தோல்விக்குக் காரணம் என அவர் மறைக்காமல் எழுதினார்.

முறை உலகெங்கும் பரவியது. இடர்களும் உடன் பரவின. பட்டை இடம்பெயர்ந்து புரண்டது. இதயத்துக்கு மிக அருகே செல்லும் கருவி இதயத்தையே துளைத்த நிகழ்ச்சிகளும், அரியனவாயினும், உயிர்ப்பலியோடு பதிவாயின. தொடக்கத்தில் கண்ணால் காணாமலே செலுத்தப்பட்ட பட்டை, பின்னர் மார்புக்குள் நுழைக்கும் சிறு ஒளிக்குழாயின் உதவியோடு பார்த்துப் பார்த்துச் செலுத்தப்பட்டது. பட்டையின் முனைகளை விலாவோடு பிணைக்கும் தகடுகள் வந்தன. எஃகு ஒவ்வாதவர்க்கு டைட்டேனியம் வந்தது. மிக இளம் வயதில் செய்தால் வளர்ச்சியின்போது பள்ளம் மீள்கிறது எனக் கண்டு, பதின்ம வயது வரை காத்திருக்கும் வழக்கம் நிலைபெற்றது.

எஞ்சிய பெருந்துன்பம் வலி. கூட்டை ஒரே நாளில் உருமாற்றுவதால் எழும் வலி கடுமையானது. ஒரு வாரம் வரை நோயாளி மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகளைக் கடுங்குளிரால் உறையச் செய்து, சில மாதங்களுக்கு உணர்விழக்க வைக்கும் முறை பல மருத்துவமனைகளில் கையாளப்பட்டது. அதன் பயனாகப் பலர் ஓரிரு நாளில் வீடு திரும்ப முடிந்தது.

நோயாளி செய்த கருவி

கத்தியை நாடாத வழியும் ஒன்று வளர்ந்தது. 1910இலேயே செருமானிய எலும்பு மருத்துவர் பிரிட்ஸ் லாங்கே, பள்ளத்தின்மேல் கிண்ணம் ஒன்றை வைத்துக் காற்றை உறிஞ்சினால் எலும்பு மேலெழும் எனக் காட்டியிருந்தார். அக்கருத்து நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. அதனை எழுப்பியவர் மருத்துவர் அல்லர். எக்கார்ட் குளோபே என்ற செருமானியப் பொறியாளர். தாமே குழிந்த மார்புடையவர். 1990களில் தம் உடலுக்காகவே அவர் ஒரு கருவியை வடித்தார். நெகிழும் இரப்பர்க் கிண்ணம், அதன் நடுவே காண ஒரு சாளரம், காற்றை உறிஞ்சக் கையால் இயக்கும் ஒரு குமிழ், அவ்வளவே. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரக் குழந்தை அறுவை மருத்துவர் பிராங்க் மார்ட்டின் ஹெக்கர் முதலியோர் அதனை நோயாளிகளிடம் பயன்படுத்தி, 2006 முதல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

கிண்ணத்தை வைத்த சில நிமிடங்களில் எலும்பு எழுவதைக் காணலாம்; எடுத்தவுடன் மெல்ல மீண்டும் தாழும். நாள்தோறும் அரைமணியில் தொடங்கிச் சில மணி நேரம் வரை, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் விடாது செய்தாலே நிலைத்த பயன் கிட்டும். இளம் வயது, ஆழமில்லாப் பள்ளம், வளைந்து கொடுக்கும் கூடு ஆகிய மூன்றும் அமைந்தவர்க்கே இது மிகுதியும் கைகொடுக்கிறது. குருதிக் கசிவு நோயுடையோர்க்கு இது ஆகாது. ஆதலின் மருத்துவரின் மேற்பார்வையின்றிக் கையாளத் தக்கதன்று.

அழகுக் குறையா, நோயா?

பாவினஸ் காலத்துக் கேள்வி இன்னும் நிற்கிறது. இக்குறையுடையோரில் பலரை ஓய்வாக அமர்த்தி மூச்சை அளந்தால், அளவு இயல்பை ஒட்டியே இருக்கும். எனவே மருத்துவர் பலர், உனக்கு ஒன்றுமில்லை என்று கூறி அனுப்பிவிட்டனர். ஆனால் கடுமையான பள்ளமுடையோர் ஓடும்போதும் மாடிப்படி ஏறும்போதும், மார்பெலும்பு இதயத்தின் வலப்புற அறையை நெருக்குவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதி குறையக்கூடும் எனச் சில ஆய்வுகள் காட்டின. வேறு சில ஆய்வுகள் அதனை மறுத்தன.

2019இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, உடற்பயனுக்குப் போதிய சான்றில்லை எனக் கூறி, இவ்வறுவைக்கு வழக்கமாகப் பணம் வழங்குவதை நிறுத்தியது. மருத்துவர்களும் நோயாளிகளும் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். மிகக் கடுமையான நிலையிலுள்ளோர்க்கு வழிவிடுவது பற்றி மீண்டும் ஆராயப்பட்டது. மற்றொரு புறம், அமெரிக்க மருத்துவமனைகள் பல ஒன்றுசேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக்குப் பின் இளைஞர்கள் தம் உடலைப் பற்றிக் கொண்ட எண்ணம் பெரிதும் மேம்பட்டதை எடுத்துக் காட்டியது. மனத்தின் துன்பம் துன்பமாகாது என்று கூற எவருக்கும் உரிமையில்லை.

எனினும் குழிந்த மார்புடையோர் அனைவரும் மருத்துவமனையை நாட வேண்டும் என்பதும் இல்லை. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் கோடி மில்லர் 100 மீட்டர் மார்புநீச்சலில் வெண்கலமும், கலப்பு அஞ்சலோட்ட நீச்சலில் தங்கமும் வென்றார். அவர் மார்பின் நடுவே இருந்த ஆழ்ந்த பள்ளத்தை உலகமே பார்த்தது. ஆற்றங்கரையில் சட்டையைக் கழற்றக் கூசி நிற்கும் எத்தனையோ சிறுவர்களுக்கு அக்காட்சி ஒரு மருந்தாக அமைந்திருக்கும்.

தெரிவு யாருக்கு உரியது?

இவ்வாறு நானூறு ஆண்டுப் பயணத்தின் முடிவில், குழிந்த மார்புடைய ஒருவன்முன் பல வழிகள் விரிந்து கிடக்கின்றன. ஒன்றும் செய்யாது இருப்பதும் ஒரு வழியே. பள்ளம் ஆழமற்று, உடல் தளர்ச்சியின்றி, மனமும் அமைதியாக இருந்தால் அதுவே சிறந்த வழி. உடற்பயிற்சி பள்ளத்தை நீக்காது; ஆனால் கூனிய முதுகை நிமிர்த்தும், தசையைப் பெருக்கும், மூச்சை வளர்க்கும். காற்றுக் கிண்ணம் பொறுமையுடையோர்க்கு உரியது. நஸ் முறையும், திருந்திய ரேவிட்ச் முறையும் கடுமையான நிலைக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் வலியும் இடரும் செலவும் உண்டு. தோலுக்கடியில் சிலிக்கோன் வைத்துப் பள்ளத்தை நிரப்புவோரும் உளர். அது தோற்றத்தை மாற்றுமேயன்றி இதயத்துக்கு இடம் விடாது.

இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமுன் படம் எடுத்துப் பார்த்தல், இதயத்தைச் சோதித்தல், உழைக்கும்போது மூச்சை அளத்தல் ஆகியன வேண்டும். இவை மருத்துவர் கடமை. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, உனக்கு எது துன்பம் தருகிறது என்று அவனைக் கேட்டல் வேண்டும். இது மருத்துவர், பெற்றோர் ஆகிய இரு சாராரின் கடமை.

வரலாறு இதனையே திரும்பத் திரும்ப உணர்த்துகிறது. பாவினசின் சிறுவன் ஏட்டில் ஒரு வியப்பாக மட்டுமே நின்றான். அவன் என்ன விரும்பினான் என்பதை ஏடு கூறவில்லை. கடிகாரத் தொழிற்சாலை இளைஞன் தன் துன்பத்தைத் தானே கூறினான். அவனுக்கு வாழ்வு கிடைத்தது. சொல்லத் தெரியாப் பருவத்தில் அறுக்கப்பட்ட 12 பிள்ளைகளுக்காகப் பிறர் முடிவெடுத்தனர். அவர்கள் மூச்சுக்குத் தவித்தனர். குளோபே தன் மார்புக்குத் தானே கருவி செய்தார்; அது பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலும் பயன் தந்தது.

ஆற்றங்கரையில் நிற்கும் அச்சிறுவன் ஒருநாள் சட்டையைக் கழற்றுவான். எஃகுப் பட்டை நிமிர்த்திய மார்போடு கழற்றலாம். பள்ளம் பள்ளமாகவே இருக்கக் கழற்றலாம். இரண்டில் எதுவாயினும் அது அவன் எண்ணித் துணிந்த முடிவாக இருத்தல் வேண்டும். மார்பு குழிந்தவனுக்கும் நெஞ்சு நிமிர்வது அப்போதுதான்.